பிழை பொறுக்கும் கோல்

பூல் ஆட்டத்தில் ஒவ்வொரு ராக்கும், அதாவது பந்துகளை அடுக்கி ஆடும் ஒவ்வொரு சுற்றும், அந்த அடுக்கைச் சிதறடிக்கும் பிரேக்கில்தான் தொடங்குகிறது. மறிக்கும் பந்துக்கு மேலே வெள்ளைப் பந்தைக் குதிக்க வைக்கும் ஜம்ப் அப்படி இல்லை. ஒரு மாலை முழுக்க ஆடியும் அதற்கு வேலை வராமலே போகலாம். இந்த இரண்டையும் ஒன்றிலேயே செய்துகொள்ளலாம் என்று ஒரு கோல் விற்கிறார்கள்: ஜம்ப்-பிரேக் கியூ. தள்ளி நின்று பார்த்தால் சாதாரணக் கியூதான். அதே 58 அங்குலம், அதே மேப்பிள் ஷாஃப்ட். ஆனால் இரண்டு இடத்தில் திருகு இருக்கும். நடுவில் இருப்பது பெரும்பாலான கியூக்களில் உள்ளதுதான். இன்னொன்று கைப்பிடிப் பக்கம். அதைக் கழற்றினால் பின்பாகம் தனியே வந்துவிடும். கையில் மிஞ்சுவது 40 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு குட்டைக் கோல். அதுதான் ஜம்புக்கு.

சில காலமாக மனம் இந்தக் கோலையே சுற்றுகிறது. வாங்க வேண்டுமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? விளம்பரங்கள் எல்லாம் வேகம், பலம், உயரம் என்றுதான் பேசுகின்றன. நான் தேடுவது நம்பகம். இன்றைக்கு அடித்தது மாதிரி நாளைக்கும் போக வேண்டும். என் கை சரியாக இல்லாத நாளிலும் ஓரளவு போக வேண்டும்.

*

பழகிய மேசையின் துணியைக் குனிந்து பார்த்தால் பிரேக் எப்படி நடக்கிறதென்று தெரியும். வெள்ளைப் பந்தை வைக்கிற இடத்திலிருந்து ராக் வரைக்கும் ஒரு மங்கிய பாதை. அந்தப் பாதையில் சின்னச் சின்னதாய் வெளுத்த புள்ளிகள். பந்து உருண்டு போயிருந்தால் கோடுதான் விழும். புள்ளி விழுகிறதென்றால் பந்து உருளவில்லை, குதித்துக் குதித்துப் போயிருக்கிறது.

காரணம் எளிது. கியூ மேசை விளிம்புக்கு மேலேதான் வர முடியும். அதனால் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் தூக்கியே இருக்கும். அடி சற்றுக் கீழ்நோக்கி விழுகிறது; பந்து ஸ்லேட் கல்லில் அழுந்தி எழும்புகிறது. மெதுவான ஷாட்டில் இது கண்ணுக்கே தெரியாது. மணிக்கு இருபது மைல் வேகத்தில் போகும் பிரேக்கில் நன்றாகவே தெரியும். ராக்கின் முதல் பந்தைத் தொடும் நேரத்தில் வெள்ளைப் பந்து துணிக்கு மேலே சில மில்லிமீட்டர் அந்தரத்தில் இருந்தால், மோதல் சம உயரத்தில் நடப்பதில்லை. வெள்ளைப் பந்து மேலே ஏறுகிறது. சில வேளை மேசையை விட்டே போய்விடும். நைன்-பாலில் அது ஃபவுல். எதிராளி வெள்ளைப் பந்தைக் கையிலெடுத்து எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார்.

ஆக பிரேக்குக்குள்ளேயே ஒரு குட்டி ஜம்ப் இருக்கிறது, நாம் கேட்காத ஜம்ப். பிரேக்குக்குக் கோலை முடிந்தவரை படுக்க வைக்க வேண்டும். ஜம்புக்குத் தூக்கி நிறுத்த வேண்டும். மோதிய பிறகும் முன்னே போகும் கனம் பிரேக்குக்குத் தொந்தரவில்லை. ஜம்புக்கோ, அடித்த கணமே ஒதுங்கிக்கொள்ளும் கோல் வேண்டும்.

*

எடை பற்றி.

பிரேக்குக்குக் கனமான கோல்தான் நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். 21 அவுன்ஸ் கியூவைக் கையில் எடுத்ததும் முகத்தில் ஒரு தெம்பு வருவதைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தெம்புக்குப் பெரிய ஆதாரமில்லை. பந்தின் எடை 5.5-லிருந்து 6 அவுன்ஸ். நுனியில் கடினமான டிப் போட்ட 18 அவுன்ஸ் கியூவை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வீசினால், பந்து அந்த வேகத்தைப் போல சுமார் 1.39 மடங்கில் கிளம்பும். 21 அவுன்ஸ் கியூவை அதே வேகத்தில் வீசினால் 1.44 மடங்கு. மூன்று அவுன்ஸ் கூட்டியதில் கிடைத்த லாபம் நூற்றுக்கு நாலு கூட இல்லை. அதுவும் கை அதே வேகத்தில் வீசினால்தான். கை அப்படி வீசாது. கனம் கூடினால் வீச்சு குறையும், பெரும்பாலும் அந்த நாலையும் தின்றுவிடும்.

அதே கணக்கில் எடையை 19 அவுன்ஸில் நிறுத்திவிட்டு டிப்பை மட்டும் மாற்றினால் கதை வேறு. தோல் டிப்பிலிருந்து ஃபினாலிக் என்னும் கெட்டிப் பிசின் டிப்புக்குப் போனால் பந்தின் வேகம் சுமார் ஏழு சதவீதம் ஏறும். தோல் கொஞ்சம் அமுங்கி, வாங்கிய சக்தியில் ஒரு பங்கைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. ஃபினாலிக் அவ்வளவு வைத்துக்கொள்வதில்லை. கடைக்காரர் எடையைப் பேசும்போது நான் டிப்பைப் பார்ப்பது இதனால்தான்.

எந்த எடை என்று கேட்டால், ஆடுகிற கியூவின் எடையை ஒட்டியே இருக்கட்டும் என்பேன். தினமும் 19 அவுன்ஸில் பழகிய தோளுக்கு வேறொரு எடையை ராக்குக்கு ஒரு முறை மட்டும் கொடுத்து, அதே நேர்க்கோட்டில் வீசு என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

*

டிப்பின் கதை கொஞ்சம் சுவையானது. கியூவின் நுனியில் தோலை ஒட்டும் யோசனை ஃபிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரருடையது என்று சொல்வது வழக்கம். காலம் 1807 வாக்கில். படையில் கேப்டனாக இருந்தவர், சிறையில் கிடந்த காலத்தில் இதைச் செப்பம் செய்தார் என்பது மரபுக் கதை. வெறும் மரநுனியாக இருந்தவரை பந்தை நடுவில் தொட்டாக வேண்டும், விலகினால் வழுக்கிவிடும். தோல் வந்தபின் ஓரத்தில் தொட்டுச் சுழற்றவும், பின்னுக்கு இழுக்கவும் முடிந்தது. 1835-இல் கொரியோலிஸ் பில்லியர்ட்ஸைப் பற்றி ஒரு முழுக் கணித நூலே எழுதினார். எழுதும் அளவுக்கு விஷயம் சேர்ந்ததில் அந்தத் தோல் வில்லைக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

ஃபினாலிக் வேறு குடும்பம். 1907-இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட்டின் வம்சம். பிற்பாடு பூல் பந்துகளும் இதே வகைப் பிசினில்தான் வரத் தொடங்கின. பெல்ஜியத்தில் சாலுக் நிறுவனம் செய்யும் அராமித் பந்துகளை உலகம் முழுக்கப் பார்க்கலாம். ஃபினாலிக் டிப்பால் பிரேக் அடிக்கும்போது பந்தும் டிப்பும் ஒரே சாதி. அந்த மோதலின் ஓசை கல்லும் கல்லும் தட்டிய மாதிரி வறண்டு கேட்கிறது. தோல் அடியில் இருக்கும் அமுங்கிய ‘தப்’ இதில் இல்லை. பார்லரில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கூட யாரோ பிரேக் கியூ கொண்டுவந்திருக்கிறார் என்று கண்டுகொள்வார்.

இதற்கு ஒரு விலை உண்டு. வழுக்காமல் இருக்க டிப்பில் தேய்க்கும் சாக் ஃபினாலிக்கின் மேல் சரியாக ஒட்டாது. பந்தின் நடுவை விட்டுச் சற்றுக் கீழே போனாலே வழுக்க வாய்ப்பு. மொட்டையாய் ஒரு ‘டக்’, பந்து எங்கோ. பிரேக்கில் பந்தை நடுமேசையில் நிறுத்தக் கொஞ்சம் கீழே அடிக்க விரும்புகிறவர்கள் கெட்டியான தோல் டிப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட, இறுக்கி அழுத்திய தோல் டிப்புகளும் கிடைக்கின்றன. ஃபினாலிக்கைப் பிரேக்குக்கு அனுமதிக்காத போட்டிகளும் உண்டு. எங்கே ஆடப் போகிறோமோ அங்கே கேட்டுக்கொள்வது நல்லது.

*

இனிச் சொல்லப்போவதுதான் என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பது. கடைகளில் யாரும் இதைப் பேசுவதில்லை.

முழு பலத்தில் அடிக்கும்போது யாருடைய கையும் நேராகப் போவதில்லை. தோள் எழும், இடுப்பு முன்னே வரும், முழங்கை விழும். முன்கை துணியில் ஊன்றியிருக்கிறது, பின்கைதான் அலைகிறது. பின்கை கொஞ்சம் வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் திரும்பும். பந்தின் நடுவைத் தொட வேண்டிய டிப் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடது தள்ளித் தொடும். கோலும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதால் பந்தும் இடப்பக்கம்தான் போக வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் ஓரத்தில் அடிபட்ட பந்து கோல் காட்டும் திசையில் அப்படியே போவதில்லை. இடது ஓரத்தில் அடித்தால், கோல் காட்டும் கோட்டிலிருந்து வலப்பக்கம் சற்று விலகிக் கிளம்பும். இதை ஸ்க்வெர்ட் என்பார்கள். எவ்வளவு விலகும் என்பதைத் தீர்மானிப்பது கியூவின் மொத்த எடை அல்ல. நுனியிலிருந்து முதல் சில அங்குலங்களின் எடை. நுனி கனத்தால் விலகல் கூடும், இலகுவானால் குறையும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கையின் பிழை பந்தை இடப்பக்கம் தள்ளுகிறது. கோலின் குணம் வலப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருந்துவிட்டால்? பந்து நேராகவே போகும். பிழை நடந்தது, ஆனால் ராக்குக்கு அது தெரியவில்லை.

இரண்டும் சமப்படுவதற்கு முன்கை ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும். டிப்பிலிருந்து அந்த இடம் வரை உள்ள தூரம் ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் வேறு. சாதாரண மேப்பிள் ஷாஃப்டில் பெரும்பாலும் பத்து அங்குலத்தை ஒட்டி வரும். விலகல் குறையும்படி நுனியை இலகுவாக்கிய ஷாஃப்ட்களில், 2016-இல் பிரிடேட்டர் நிறுவனம் ரேவோவை இறக்கிய பிறகு பெருகிய கார்பன் ஃபைபர் ஷாஃப்ட்களில், அது இன்னும் நீளம். ஆடுகிற கியூவுக்குக் குறைந்த விலகல் வரம்தான். பிரேக் கியூவுக்கு அது வரமா என்பது நம் முன்கை எங்கே ஊன்றுகிறது என்பதைப் பொறுத்தது. முன்கையைக் கிட்டத்தில் ஊன்றி அடிப்பவர் கார்பன் ஷாஃப்டை எடுத்தால், கையின் பிழையில் பெரும்பகுதி பந்துக்குப் போய்ச் சேரும். அதே ஆள் நுனி கனத்த, விலை குறைந்த மேப்பிளில் அடித்தால் பாதிப் பிழை வழியிலேயே கழிந்துவிடும். விலைப்பட்டியல் இதைத் தலைகீழாகத்தான் சொல்லும்.

சோதிப்பது கஷ்டமில்லை. ராக்கின் தலைப்புள்ளியில் ஒரே ஒரு பந்தை வைக்க வேண்டும். வெள்ளைப் பந்தைப் பிரேக் இடத்தில் வைத்து, நேராகக் குறி பார்த்து, முன்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். பிறகு முன்கையை அசைக்காமல் பின்கையை மட்டும் தெரிந்தே பக்கவாட்டில் நகர்த்தி, டிப்பை நடுவிலிருந்து சில மில்லிமீட்டர் இடப்பக்கம் கொண்டுவந்து, பலமாக அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் துணி பந்தை வளைத்துக் கணக்கைக் கெடுத்துவிடும். முழு மோதல் விழுந்தால் வெள்ளைப் பந்து அங்கேயே நின்று பம்பரமாய்ச் சுழலும். அது கிடைத்தால் முன்கை சரியான இடத்தில் இருக்கிறது. பந்து டிப் போன பக்கமே, அதாவது இடப்பக்கம் போனால் முன்கை டிப்புக்கு அதிகம் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் நகர்த்த வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் முன்னால் கொண்டுவர வேண்டும். இடம் கிடைத்ததும் டிப்பிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து வைத்துக்கொள்ளலாம்.

அந்த இடமும், பிரேக்குக்கு என் முன்கை இயல்பாக ஊன்றும் இடமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்தால் அதுதான் என் கோல். பெயர், நிறம், விளம்பரத்தில் நிற்கும் ஆட்டக்காரர் எதுவும் அதற்குப் பிறகுதான். மிக நன்றாக அடித்த அடியை வைத்து எல்லாக் கோலும் நன்றாகத்தான் தெரியும். சுமாராக அடித்ததை ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதில்தான் அவை பிரிகின்றன.

*

ஜம்புக்கு வருவோம். பந்தின் அடியில் நுனியைச் செருகிக் கிளப்பிவிடுவது ஜம்ப் அல்ல, அது ஃபவுல். முறையான ஜம்ப் மேலிருந்து கீழே அடிப்பது. கோல் பந்தைக் கல்லோடு சேர்த்து அழுத்துகிறது; கல் திருப்பி எறிகிறது. 45 டிகிரியில் கீழே அடித்தால் 45 டிகிரியில் எழும்பாது. கீழ்நோக்கிய வேகத்தில் பாதியைத்தான் கல் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொண்டால், பந்து சுமார் 27 டிகிரியில் கிளம்பும். அந்தக் கோணத்தில் மறிக்கும் பந்தைத் தாண்ட வேண்டுமானால் நடுவே ஒரு பந்தின் அகலத்துக்கும் மேலே இடைவெளி வேண்டும். அதைவிடக் கிட்டத்தில் மறித்தால் கோலை இன்னும் நிமிர்த்தியாக வேண்டும்.

இங்கேதான் எடை குறுக்கே வருகிறது. சாதாரண மோதல் கணக்கில், 19 அவுன்ஸ் கியூ பந்தை அடித்த பிறகும் தன் வேகத்தில் பாதிக்கு மேல் வைத்துக்கொண்டு முன்னே போகிறது. ஜம்பில் முன்னே போவதென்றால் கீழே போவது. பந்து மேலே வருகிறது, கோல் கீழே போகிறது, இரண்டும் திரும்ப முட்டிக்கொள்ளும். பந்து எழும்பாது, எழும்பினாலும் இரட்டை அடி ஃபவுல். 9 அவுன்ஸ் கோலுக்கு மோதிய பிறகு மிஞ்சுவது கால்வாசி வேகம்தான். பந்து ஓட முடியாமல் கல்லில் அழுந்தியிருக்கும்போது அதுவும் மிஞ்சாது. கெட்டியான டிப் தொடும் நேரத்தையும் சுருக்குகிறது. சூடான தோசைக்கல்லில் பட்ட விரல் மாதிரி கோல் தானே விலகிவிடுகிறது. கையை இறுக்கிப் பிடித்தால் இந்த நன்மையெல்லாம் போச்சு. விரல்களில் தொங்கவிட்டால் போதும்.

ஜம்ப்-பிரேக் கியூவின் பின்பாகத்தைக் கழற்றுவது இதற்காகத்தான். நீளம் குறைவதால் நிமிர்த்தி அடிக்க வசதி. கழற்றியதோடு பின்பாகத்தின் எடையும் போகிறது. ஆனால் ஜம்புக்கென்றே செய்த கோல்கள் 8, 9 அவுன்ஸில் வருகின்றன. இதில் மிஞ்சுவது பெரும்பாலும் அதைவிடக் கனம். பிரேக்குக்கு உறுதி வேண்டும் என்று ஷாஃப்டையும் நடுப்பகுதியையும் தடியாக வைத்திருப்பார்கள்; அந்தத் தடிமன் ஜம்புக்கும் கூடவே வரும். ஒரு பந்து தூரத்தில் முழுப் பந்து மறித்து நின்றால் கஷ்டம். ஓரத்தில் மறிக்கும் பந்துக்கு, கொஞ்சம் இடைவெளி உள்ள பந்துக்கு, இது தாராளமாய்ப் போதும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பின்பாகத்தைக் கழற்றியபின் எடை எத்தனை? முழுக் கியூவின் எடையை எல்லாரும் அச்சடிக்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் குறைவு. ஒரு சின்னத் தராசு கொண்டுபோனால் வேலை முடிந்தது. நீளத்தையும் அளந்துவிடலாம். உலக பூல் சங்க விதிப்படி ஜம்ப் கியூ 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

*

சென்னையில் ஒரு பழைய பில்லியர்ட்ஸ் அறை. மேசைக்கு வெளிச்சம் போட்டுவிட்டு, பந்து அடுக்கிக் கொடுக்கும் மார்க்கருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சோதித்துப் பார்க்கக் கொண்டுபோன கோலின் பின்பாகத்தை நான் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சார், ஜம்ப் அடிக்கப் போறீங்களா?”

“ஆமாண்ணே, ஒண்ணு ரெண்டு.”

“வேணாம் சார். துணி மாத்தி மூணு மாசம்தான் ஆகுது. முதலாளி என்னையத்தான் கேப்பாரு.”

சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தது. ஜம்பும், கோலை நிமிர்த்தி அடித்துப் பந்தை வளைக்கும் மஸேயும் தடை. அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. நன்றாக அடித்த ஜம்ப் துணியைக் கிழிக்காது. டிப் பந்தைத்தான் தொடுகிறது, துணியை அல்ல. ஆனால் நன்றாக அடிக்கப் பழகும்வரை அடிப்பது எல்லாம் நன்றாக விழுமா என்ன? ஒரு துணித்துண்டைக் கீழே போட்டுப் பழகிக்கொள்கிறேன் என்றேன். யோசித்துவிட்டு, ஓரத்து மேசையைக் காட்டினார். அதன் துணி ஏற்கெனவே தையல் போட்டது.

அந்த மேசையில் தெரிந்துகொண்ட விஷயம், கோல் மட்டும் தனியாக ஜம்ப் அடிப்பதில்லை என்பது. ரோமம் உள்ள தடித்த துணி அடியை உறிஞ்சுகிறது. மெல்லிய வழவழப்பான துணியில் எழும்பும் உயரம் இதில் கிடைக்கவில்லை. வெள்ளைப் பந்தும் மற்றப் பந்துகளைவிடக் கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. காசு போட்டு ஆடும் மேசைகளில் பழைய நாளில் அப்படித்தான் கனத்த அல்லது பெரிய வெள்ளைப் பந்து போடுவார்கள், அது மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் திரும்பி வருவதற்காக. அதைக் கிளப்புவது பெரும்பாடு. கடையின் புது மேசையில் கோலைச் சோதித்துவிட்டு வந்து நம் மேசையில் அதே உயரத்தை எதிர்பார்க்க முடியாது. நாம் ஆடும் இடத்தில் சோதிக்க விடுவார்களா என்று கேட்பதே மேல். முதலில் ஒரு சாக் கட்டியை மறிப்பாக வைத்துத் தாண்டிப் பார்க்கலாம். ஒரு அங்குலத்துக்கும் குறைவான உயரம் அது. பந்தைத் தாண்டுவது பிறகு.

*

மார்க்கர் பெரும்பாலும் ஸ்னூக்கர் மேசையோடு வளர்ந்தவர். ஸ்னூக்கரில் மறிக்கும் பந்தைத் தாண்டிக் குதிப்பது ஃபவுல். அங்கே பிரேக்கும் வெடிப்பல்ல. சிவப்புப் பந்துகளின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வெள்ளைப் பந்தைப் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருவது. அந்த ஆட்டத்தின் விதிகள் 1882-இல் முதன்முதலாக எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான். நெவில் சேம்பர்லின் என்ற படை அதிகாரி 1875-இல் ஜபல்பூரில் தொடங்கிவைத்த ஆட்டம், நீலகிரிக்கு வந்து சட்டம் பெற்றது. மறிப்பில் மாட்டினால் குஷனில் மோதிச் சுற்றி வா என்பதே அங்குள்ள வழி. மார்க்கருக்கு என் குட்டைக் கோல் கொஞ்சம் அசிங்கமாகத்தான் பட்டிருக்கும்.

பூலிலும் அந்த வழி உண்டு. 1995-இல் ரீனோவில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டோடு ஆடிய ஆட்டத்தின் கடைசி ராக்கில், பிலிப்பீன்ஸின் எஃப்ரன் ரேயஸ் இரண்டு குஷனில் மோதித் திரும்பி வந்து, மறைந்திருந்த பந்தைத் தொட்டது மட்டுமில்லாமல் பாக்கெட்டிலும் போட்டார். இன்றைக்கும் அந்த ஷாட்டை ‘இசட் ஷாட்’ என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். மேசையின் கோணங்களை அப்படி மனதில் வைத்திருப்பவருக்கு ஜம்ப் கியூ ஒரு கூடுதல் சாமான்தான். எனக்கு அவ்வளவு கோணம் மனதில் இல்லை. இருந்தாலும் ஜம்ப் கியூ கையில் இருக்கிறதென்பதற்காகவே குதிக்கத் தோன்றும் ஆசையைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். ஒற்றைக் குஷனில் சுற்றிப் போனால் கிடைக்கும் பந்துக்குக்கூட விரல் திருகைத் தேடுகிறது.

*

திருகு. இரண்டாவது மூட்டு உள்ள கோலில் நம்பகம் கெடுவதென்றால் அங்கேதான் முதலில் கெடும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அது தேய்கிறது. பிரேக்கின் அதிர்ச்சி முழுவதும் அதன் வழியேதான் போகிறது. சரியாக உட்காராத மூட்டு பிரேக்கில் ‘ர்ர்’ரென்று அதிரும். கோலைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையால் பக்கவாட்டில் தட்டினால் அந்த அதிர்வு காதில் கேட்கும், விரலிலும் தெரியும். மூட்டின் இரண்டு முகமும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் போதும். சில கோல்களில் ஓரிரண்டு சுற்றிலேயே இறுகிவிடும் அவசரத் திருகு இருக்கிறது. மக்டெர்மட் நிறுவனத்தின் ஸ்டிங்கர் மாதிரி. ஆட்டத்துக்கு நடுவே அது சௌகரியம். நீளத் திருகு கொண்டவை நேரம் எடுக்கும், ஆனால் தானாகத் தளர்வது குறைவு. எனக்கு நீளத் திருகின் மேல்தான் சாய்வு. ஜம்ப் அவசரமாக அடிக்கிற ஷாட் இல்லை.

கோல் நேராக இருக்கிறதா என்று பார்க்க, பூட்டியதை மேசையில் உருட்டுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜம்ப்-பிரேக்கை மூன்று விதமாக உருட்ட வேண்டும்: முழுதாக, பின்பாகம் இல்லாமல், ஷாஃப்ட் மட்டும். முழுதாகத் தள்ளாடி, தனியே ஷாஃப்ட் நேராக இருந்தால் குற்றம் மூட்டிலோ கைப்பிடிப் பகுதியிலோ. கடலோர ஊர்களின் ஈரத்தில் மேப்பிள் வளையும். கார்பனுக்கு அந்தக் கவலை இல்லை என்பது உண்மை. அதன் பக்கம் பேச எனக்குத் தோன்றும் வலுவான காரணமும் அதுதான்.

*

எல்லாம் யோசித்து எங்கே வந்து நிற்கிறேன்?

பிரேக் ஒவ்வொரு ராக்கிலும் வரும், ஜம்ப் எப்போதாவது. ஆகவே ஒரே கோல்தான் என்றால் அதைப் பிரேக்குக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஜம்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து. உயரம் காட்டி விற்பவரிடம் போய் உயரத்தைப் பார்த்து வாங்கினால், எப்போதோ ஒரு முறை கைதட்டல் கிடைக்கும். ராக்கோ தினமும் சிதறாது.

என் முன்கை பிரேக்குக்குப் பதினோரு அங்குலத்தில் ஊன்றுகிறது. அதற்குப் பொருந்தியது ஒரு மேப்பிள் ஷாஃப்ட், 13 மி.மீ. நுனி. அதில் வேண்டுமென்றே கோணி அடித்த அடிகளும் பெரும்பாலும் ராக்கின் முதல் பந்தை முழுசாகவே பிடித்தன. பக்கத்தில் இருந்த கார்பன் கோல் அதைவிட அழகு, விலை இரண்டு மடங்குக்கு மேல். அதற்கு முன்கையை இன்னும் பின்னால் கொண்டுபோக வேண்டியிருந்தது, அங்கே ஊன்றினால் நுனி என் கட்டுப்பாட்டில் இல்லை. மொத்த எடை பத்தொன்பதுக்குச் சற்றுக் குறைவு. பின்பாகம் கழற்றினால் பன்னிரண்டை ஒட்டி வருகிறது. ஜம்புக்கு அது அதிகம்தான். டிப் ஃபினாலிக். அனுமதிக்காத போட்டிக்குப் போவதென்றால் கெட்டித் தோல் டிப் ஒட்டிய இன்னொரு ஷாஃப்ட் வேண்டும், அதே திருகில், முடிந்தால் அதே நுனி எடையில். அந்த இரண்டாவது ஷாஃப்டைக் கொண்டுவந்ததும் முன்கையின் இடத்தை மறுபடி சோதித்தாக வேண்டும். டிப் மாறினால் நுனியின் எடையும் மாறும்.

தனி ஜம்ப் கியூ வாங்குவது அடுத்த ஆண்டுக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஓரத்து மேசையின் துணி அதுவரை தாங்குமா என்று மார்க்கரிடம்தான் கேட்க வேண்டும்.